ஹென்றி கவுன்ட்டியின் புகையிலைப் பணம்: வெண்டெல் பெர்ரியின் கட்டுரையை முன்வைத்து

மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை வாசித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் வெண்டெல் பெர்ரி. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் ஹென்றி கவுன்ட்டிக்காரர். கவுன்ட்டி என்றால் நம்ம ஊர் வட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மொத்த மக்கள்தொகையே 16 ஆயிரத்துக்குள்தான். கவிஞர், நாவலாசிரியர், குதிரை பூட்டி உழுத விவசாயி, பெருந்தொழில் வேளாண்மையை அரை நூற்றாண்டாகத் திட்டிக்கொண்டிருப்பவர். ரசாயன உரத்துக்கு எதிராகப் பேசும் எந்தக் கூட்டத்திலும் அவருடைய பெயர் ஒருமுறையாவது வந்துவிடும்.

அப்படிப்பட்டவர் 1990-களின் தொடக்கத்தில் புகையிலைப் பிரச்சினை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1993-இல் வந்த தொகுப்பில் அது இருக்கிறது. புகையிலை விவசாயிகளுக்கு அரசு நடத்திய திட்டத்தை அதில் அவர் ஆதரிக்கிறார். மழுப்பாமல், வெளிப்படையாக ஆதரிக்கிறார். அவரை முனிவராகப் பார்ப்பவர்கள் இந்தக் கட்டுரையைக் கண்டுகொள்வதில்லை. அவரைப் பிடிக்காதவர்களோ "பாத்தீங்களா, இவரும் மானியக் கட்சிதான்" என்று இதையே தூக்கிக் காட்டுகிறார்கள். ரெண்டு தரப்பும் கட்டுரையைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் எண்ணம். பெர்ரி சொல்வதில் பாதி மிகச் சரி. மறுபாதியில் அவர் சொல்லாமல் விட்டது நிறைய. அந்த மறுபாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாதம் புரியாது.

2012-இல் வாஷிங்டனில் பெர்ரி ஜெஃபர்சன் உரை நிகழ்த்தினார். அமெரிக்க அரசு மானுடவியல் துறைகளுக்காகத் தரும் பெரிய கௌரவம் அது. அந்த உரையில் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். 1906-ஆம் ஆண்டு விளைச்சலைத் தாத்தா லூயிவில் நகரச் சந்தைக்கு அனுப்பினார். வண்டிக்கூலிக்கும் கமிஷனுக்கும் போக கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வாங்குவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் வைத்ததுதான் விலை. அந்த ஆள் ஜேம்ஸ் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. அதே ஆண்டுகளில் மேற்குக் கென்டக்கியில் விவசாயிகள் முகமூடி போட்டுக்கொண்டு இரவில் குதிரையில் போய்க் கம்பெனிக் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். கம்பெனிக்கு விற்ற சக விவசாயிகளின் நாற்றங்காலையும் அழித்தார்கள். 1911-இல் உச்ச நீதிமன்றம் டியூக்கின் கம்பெனியை உடைத்தது. ஆனால் ஒரு பெரிய முதலாளி போய் நாலைந்து பெரிய முதலாளிகள் வந்தார்கள், அவ்வளவுதான்.

வெறுங்கையோடு திரும்பிய அந்தத் தாத்தாவின் மகன், அதாவது வெண்டெலின் அப்பா ஜான் பெர்ரி, வளர்ந்து வக்கீலானார். 1921-இல் தொடங்கிய பர்லி புகையிலை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் பல காலம் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ரூஸ்வெல்ட் காலத்து வேளாண்மைச் சட்டங்கள் வந்தபோது பர்லித் திட்டத்தை வடிவமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். (பர்லி என்பது நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்திப் பாடம் செய்யும் ரகம். கென்டக்கியின் மேட்டு நிலங்களுக்கு ஏற்றது. வட கரோலினாவில் சூடேற்றிப் பாடம் செய்யும் ரகம் வேறு.)

திட்டத்தின் இயக்கம் எளிமையானது. 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்பு புகையிலை பயிரிட்ட ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவு என்று ஒரு கோட்டா. அதற்கு மேல் விளைத்து விற்றால் அபராதம். விளைவது குறைவாக இருப்பதால் விலை நிற்கும். அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு: ஒவ்வொரு தரத்துக்கும் அரசு ஓர் ஆதார விலை சொல்லும். ஏலத்தில் கம்பெனி அந்த விலைக்கு மேல் ஒரு சென்ட்டாவது கேட்கவில்லையென்றால், சரக்கைக் கூட்டுறவுச் சங்கமே எடுத்துக்கொள்ளும். விவசாயிக்கு ஆதார விலை அன்றே கிடைத்துவிடும். சங்கம் அரசிடம் வாங்கிய கடனில் அந்தப் பணத்தைக் கொடுத்து, சரக்கைக் கிடங்கில் வைத்திருந்து, பிறகு விற்றுக் கடனை அடைக்கும். விற்க முடியாமல் நட்டம் வந்தால் அரசின் தலையில். 1982-க்குப் பிறகு அதுவும் மாறியது. "ஒரு கையால் புகைக்காதே என்கிறீர்கள், இன்னொரு கையால் புகையிலைக்குக் காசு கொடுக்கிறீர்களா?" என்ற கேள்வி அமெரிக்க நாடாளுமன்றத்தில் வலுத்ததால், நட்டத்தை விவசாயிகளே (பின்னர் வாங்குவோரும் சேர்ந்து) பவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டி ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. நிர்வாகச் செலவு தவிர கஜானாவுக்குச் செலவில்லை என்பது அதன் பொருள்.

பெர்ரியின் வாதம் இங்கேதான் நிற்கிறது. புகையிலை நல்லது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அது அடிமைப்படுத்தும், ஆபத்தானது என்று ஒத்துக்கொள்கிறார். தான் காப்பாற்ற நினைப்பது பயிரை அல்ல, திட்டத்தை என்கிறார். விளைச்சலைக் கட்டுப்படுத்து, நியாய விலையைக் கொடு, சின்ன விவசாயி பிழைத்துக்கொள்வான். இதே திட்டம் உணவுப் பயிருக்கு வாய்த்திருந்தால் அமெரிக்கக் கிராமங்கள் காலியாகியிருக்காது என்பது அவருடைய ஆதங்கம். புகையிலையை ஒழிக்கணும்னு பேசுகிறவர்கள் அதற்கு மாற்றுப் பயிரையும் மாற்றுச் சந்தையையும் உருவாக்கினார்களா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு காரிலும் பிளாஸ்டிக்கிலும் வாழ்கிறவர்கள் புகையிலை விவசாயியை மட்டும் பாவி ஆக்குவதில் உள்ள போலித்தனத்தையும் தொடுகிறார்.

சரியான இடம் எது என்றால், 'மானியம்' என்ற குற்றச்சாட்டுக்கு அவர் தரும் பதில். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அரசு கொடுத்தது போலக் கஜானாவிலிருந்து எடுத்து விவசாயி கையில் கொடுத்த பணம் அல்ல இது. விலையைத் தூக்கி நிறுத்தியது கட்டுப்பாடு. கட்டுப்பாடு போனதும் என்ன ஆச்சு பாருங்க: 2004-இல் பவுண்டு சுமார் 2 டாலருக்குப் போன பர்லி 2005-இல் 1.56 டாலருக்கு வந்தது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. அந்த வித்தியாசம் அதுவரை கம்பெனிகளிடமிருந்து விவசாயிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. டியூக்கின் காலத்தை நினைத்துப் பார்த்தால், இதைத் தானம் என்று சொல்ல மனம் வராது.

இதுவரை நான் பெர்ரி கட்சி. பிரிகிற இடம் அடுத்து.

நம் மொழியில் 'மானியம்' என்ற சொல்லுக்கு ஒரு பழைய பொருள் உண்டு. இன்றைக்கு உர மானியம், கேஸ் மானியம் என்று ஆகிவிட்டாலும், முன்பு மானியம் என்றால் நிலம். கோயிலுக்கும் மடத்துக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் வரி நீக்கி விட்ட நிலம். கோயில் மானியம், மானியக்காரர், இனாம் என்றெல்லாம் பழைய பத்திரங்களில் பார்க்கலாம். அதாவது ஒரு சலுகை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருப்பவரிடம் போகிறது. உழுகிறவர் வேறு ஆளாக இருந்தாலும் சரி. ஆங்கிலத்தின் சப்சிடி என்ற சொல்லை விட, கென்டக்கியின் புகையிலைக் கோட்டாவுக்கு நம்முடைய பழைய மானியம் என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது.

கோட்டா உழைப்பவருக்குக் கொடுக்கப்படவில்லை, நிலத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1930-களில் யார் நிலம் வைத்துப் புகையிலை போட்டிருந்தார்களோ அந்த நிலத்துக்கு. வாரத்துக்குப் பயிரிட்டவர்கள், அவர்களில் கறுப்பினத்தவர் பலர், அந்தக் கணக்கில் உரிமையாளர்களாக வரவில்லை. ஒதுக்கீட்டைக் கவனித்த உள்ளூர்க் கமிட்டிகள் நில உரிமையாளர்களின் கமிட்டிகள்தான். தென் மாநிலங்கள் முழுக்க இந்தக் கமிட்டிகளும் வேளாண்மைத் துறை அலுவலகங்களும் கறுப்பின விவசாயிகளை எப்படிக் கழித்துக்கட்டின என்பதை வரலாற்றாசிரியர் பீட் டேனியல் 2013-இல் வந்த நூலில் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். 1999-இல் பிக்ஃபோர்ட் வழக்கில் அரசு இழப்பீடு தர ஒத்துக்கொண்டதும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். அது எல்லாப் பயிருக்குமான வழக்கு, புகையிலைக்கு மட்டுமல்ல. ஆனால் கோட்டா என்ற கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பது பெர்ரியின் கட்டுரையில் எடையோடு வருவதில்லை.

அடுத்து, காலம் போகப் போக நிலம் வைத்திருப்பவர் வேறு, பயிரிடுபவர் வேறு என்று ஆனது. 1971-இல் பர்லியின் கோட்டா ஏக்கர் கணக்கிலிருந்து பவுண்டுக் கணக்குக்கு மாறியது. கவுன்ட்டிக்குள் ஒருவர் தன் கோட்டாவை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடவும் முடிந்தது. செடியே நடாமல், வீட்டில் இருந்தபடி பவுண்டுக்கு இவ்வளவு என்று வாங்கலாம். வயதான விதவைகள், நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள், தாத்தாவின் நிலத்தை ஏழாகப் பிரித்துக்கொண்ட பேரன் பேத்திகள், இப்படிக் கோட்டா வைத்திருந்தவர்கள் நாடு முழுக்கப் பல லட்சம் பேர் ஆனார்கள். 2002 வேளாண்மைக் கணக்கெடுப்பில் உண்மையில் புகையிலை விளைந்த பண்ணைகள் 57 ஆயிரம்தான். நடுகிறவர், நுனி கிள்ளுகிறவர், பக்கத் தளிர் ஒடிக்கிறவர், வெட்டிக் குச்சியில் கோத்துக் கொட்டகையில் ஏற்றுகிறவர், பனிக்காலம் முழுக்க இலை உரிக்கிறவர், இவர்கள் எல்லாம் முதலில் குத்தகையைக் கட்டிவிட்டுத்தான் தங்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். நியாய விலை என்று பெர்ரி சொல்லும் விலையில் கணிசமான பங்கு நியாய விலையாக இல்லை, குத்தகையாக இருந்தது.

விதவைக்குப் போனால் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லை. கிராமத்தில் ஓய்வூதியம் மாதிரி அது பலரைக் காப்பாற்றியது. ஆனால் சின்ன விவசாயியைக் காப்பாற்றிய திட்டம் என்று ஒன்றைப் புகழ்ந்தால், அந்தப் பணம் எங்கே தங்கியது என்று பார்க்கத்தானே வேண்டும்?

2004-இல் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் எழுதியது. அந்த அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட ஒரு பெரிய வரிச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாகப் புகையிலைத் திட்டம் ஒழிக்கப்பட்டது. பதிலுக்கு இழப்பீடு: மொத்தம் சுமார் 960 கோடி டாலர், 2005 முதல் 2014 வரை பத்துத் தவணை. கோட்டா உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர். பயிரிட்டவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர், அதுவும் 2002, 2003, 2004 மூன்று ஆண்டும் பயிரிட்டிருந்தால்தான் முழுசாக.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஆயிரம் பவுண்டு கோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்லியில் நாலைந்து ஏக்கர் விளைச்சல் அது. உரிமையாளருக்கு ஆண்டுக்கு 7,000 டாலர், பத்து ஆண்டில் 70 ஆயிரம். பயிரிட்டவருக்கு ஆண்டுக்கு 3,000, பத்து ஆண்டில் 30 ஆயிரம். ரெண்டும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு லட்சம். ஒருவர் பத்து ஆண்டாக நிலத்தில் கால் வைக்காதவராகவும், இன்னொருவர் அந்தப் பத்து ஆண்டும் அவருடைய கோட்டாவுக்குக் குத்தகை கட்டியவராகவும் இருந்தால் 70-க்கு 30. அரசு இதைப் பெரிய விவாதம் இல்லாமல் செய்ததற்குக் காரணம், கோட்டா ஒரு சொத்து என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் 1963-இல் சிறு இனாம்களை ஒழித்தபோதும் இதே தர்க்கம் வந்தது: சலுகையை எடுத்தால் சலுகைக்காரருக்கு ஈடு கொடு. ஆனால் அங்கே நிலத்தில் உழுகிறவருக்குப் பட்டா கிடைக்குமா என்ற கேள்வியாவது மேசைக்கு வந்தது. கென்டக்கியில் பயிரிட்டவருக்கு மூன்றாண்டுப் பயிர்க் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. இழப்பீட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது 2002-ஆம் ஆண்டின் கோட்டா. அதற்குள் கோட்டா மெலிந்துபோயிருந்தது. வெளிநாட்டு இலை மலிவாக வந்ததாலும் சிகரெட் விற்பனை சரிந்ததாலும் 2000-இல் பர்லிக் கோட்டாவை ஒரே வெட்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் நட்டத்துக்கென்று நாடாளுமன்றம் சில தடவை அவசர உதவியும் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் மட்டும் 34 கோடி டாலர். இது நிஜமான கஜானாப் பணம். 'புகையிலை மானியம்' என்று யாராவது திட்டினால் இதைத் திட்டுவது பொருந்தும். பெர்ரி கட்டுரை எழுதியபோது இது வரவில்லை, அதனால் அவரிடம் கேட்க முடியாது.

ஆனால் அவருடைய வாதத்தை இன்றும் அப்படியே திருப்பிச் சொல்கிறவர்களிடம் கேட்கலாம். அவர்கள் சொல்வது: திட்டம் இருந்தவரை சின்னப் பண்ணைகள் இருந்தன, திட்டம் போனது, பண்ணைகள் போயின. எண்களைப் பார்த்தால் பாதி உண்மை. 2002-இல் 57 ஆயிரமாக இருந்த புகையிலைப் பண்ணைகள் 2007-இல் 16 ஆயிரம். ஐந்தே ஆண்டில் நாலில் ஏறக்குறைய மூன்று காணோம். 2022-இல் 3 ஆயிரத்துக்கும் கீழே. பயங்கரமான சரிவு. ஆனால் 1950-களின் நடுவில் எவ்வளவு இருந்தது? ஐந்து லட்சத்துக்கும் மேல். அதாவது திட்டம் முழு உயிரோடு இருந்த அரை நூற்றாண்டில்தான் பத்தில் ஒன்பது பண்ணைகள் மறைந்தன. மெதுவாக, சத்தமில்லாமல், பெரும்பாலும் கோட்டாவைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டபடியே மறைந்தன. திட்டம் சரிவைத் தாமதப்படுத்தியது, தடுக்கவில்லை. தாமதமும் ஒரு நன்மைதான், ஒரு தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைக்கப் போதுமான நன்மை. ஆனால் பெர்ரியின் எழுத்தில் அது தாமதமாகத் தெரிவதில்லை, தீர்வாகத் தெரிகிறது.

இழப்பீட்டுப் பணம் யார் கொடுத்தது? இங்கே எதிர்த்தரப்பும் கொஞ்சம் சொதப்புகிறது. வரி கட்டுகிறவன் தலையில் கட்டினார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். பிரதிநிதிகள் சபையின் முதல் வரைவு சிகரெட்டின் கலால் வரி வருவாயிலிருந்து எடுக்கச் சொன்னது உண்மை. கடைசியில் நிறைவேறிய சட்டம் கம்பெனிகளிடமும் இறக்குமதியாளர்களிடமும் சந்தைப் பங்குக்கு ஏற்பக் காலாண்டுக்கு ஒருமுறை வசூலித்தது. செனட் இதோடு சேர்த்து, சிகரெட்டை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின்கீழ் கொண்டுவரும் விதியையும் நிறைவேற்றியிருந்தது. ரெண்டு சபையும் கூடிச் சமரசம் பேசியபோது அந்த விதி காணாமல் போனது; அது வர 2009 ஆனது. விவசாயிக்கு ஈடு, மக்களுக்குக் கட்டுப்பாடு என்று சேர்ந்து வர வேண்டிய ரெண்டில் ஒன்று மட்டும் வந்தது.

கம்பெனி கட்டினது என்றால் கம்பெனி தன் பையிலிருந்து எடுத்ததா? பாக்கெட் விலையில் ஏற்றியது. ஆகக் கடைசியில் கொடுத்தவர் புகைப்பவர். அமெரிக்காவில் புகைப்பவர் யார்? பெரும்பாலும் ஏழை, படிப்புக் குறைந்தவர், ஊர்ப்புறத்தார். கென்டக்கி அந்த நாட்டிலேயே அதிகம் புகைக்கும் மாநிலங்களில் ஒன்று. நுரையீரல் புற்றுநோயில் முன்னணியில் நிற்கும் மாநிலம். ஒரே கவுன்ட்டியில் பெட்ரோல் பங்கில் பாக்கெட் வாங்கும் கூலிக்காரரிடமிருந்து கிளம்பிய பணம், கம்பெனி வழியாகச் சுற்றி, அதே கவுன்ட்டியில் நிலம் வைத்திருப்பவரின் கணக்கில் வந்து விழுந்தது. இதைத் திட்டம் இருந்த காலத்துக்கும் நீட்டலாம். விலை தாங்கி நின்றது என்றால் அந்த விலையை யாரோ தாங்கினார்கள். பெர்ரி கம்பெனியையும் பார்க்கிறார், விவசாயியையும் பார்க்கிறார். புகைப்பவரை ஒரு தீமையின் பலியாள் என்று ஒத்துக்கொண்டு கடந்துவிடுகிறார். அவர்தான் இந்தப் பொருளாதாரத்தின் படியளப்பவர் என்பதை நின்று பார்ப்பதில்லை. ஒரு ஊரின் எல்லா உறவுகளையும் கணக்கில் எடுக்கணும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன எழுத்தாளர் என்பதால்தான் இதைக் குறையாகச் சொல்கிறேன்.

உழைப்பு பற்றி ஒரு வார்த்தை. பெர்ரி புகையிலை அறுவடையைப் பற்றி எழுதும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் கைமாற்றாக வேலை செய்வது, கொட்டகையில் இலை உரித்தபடி கதை பேசுவது எல்லாம் வரும். அழகான எழுத்து. நம் ஊரில் மொய்யாள் வைத்து நடவு நட்ட காலத்தை நினைவுபடுத்தும். ஆனால் 1990-களிலேயே அமெரிக்கப் புகையிலை வயல்களில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த கூலியாட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஈர இலையிலிருந்து நிக்கோடின் தோல் வழியாக ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும். பச்சைப் புகையிலை நோய் என்றே அதற்குப் பெயர். 2014-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கென்டக்கி உட்பட நாலு மாநிலங்களில் புகையிலை வயலில் வேலை செய்த 141 பிள்ளைகளிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. வயது 7 முதல் 17 வரை. நாலில் ஏறக்குறைய மூன்று பேர் இந்த மாதிரி அறிகுறிகளைச் சொன்னார்கள். பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளையைப் பண்ணை வேலைக்கு வைக்க அங்கே சட்டம் இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. எந்தக் கோட்டாவும், எந்த 7 டாலரும் 3 டாலரும் இவர்களைத் தொடவில்லை.

இந்த இடத்தில் மானியப் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யாருக்கு எவ்வளவு விவசாய மானியம் போனது என்று கவுன்ட்டி வாரியாக, பெயர் வாரியாக 2001 முதல் இணையத்தில் பார்க்கலாம். என்விரான்மென்ட்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வாங்கிப் போட்டது. வெளிப்படைத்தன்மைக்கு அது பெரிய சேவை. ஆனால் அந்த வடிவம் ஒரு விதமான வாசிப்பைத் தூண்டுகிறது: பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தேடு, தொகையைப் பார், பொருமு. பெயர்களையும் தொகைகளையும் நான் இங்கே எடுத்துப் போடாததற்கு அதுதான் காரணம். செக் யார் பெயருக்குப் போனது என்பது தெரியும். அவர் பயிரிட்டவரா, குத்தகைக்கு விட்டவரா என்பது பெயரில் தெரியாது. இன்று புகையிலைக்கு இன்னும் தொடரும் அரசு உதவி பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் கஜானா கட்டுகிறது. அதில் பயன்பெறும் தனிநபர் பெயரை வெளியிடச் சட்டம் தடுக்கிறது. 2004-க்குப் பிறகு புகையிலைத் திட்டமே இல்லை என்று சொல்பவர்கள் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

மற்ற பணங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1998-இல் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் செய்த ஒப்பந்தம், 25 ஆண்டில் 20,600 கோடி டாலர். அதோடு ஒட்டி 14 புகையிலை மாநிலங்களின் விவசாயிகளுக்கென 515 கோடி டாலர் அறக்கட்டளை. பின்னது 2004 சட்டம் வந்ததும் நின்றது. முன்னதில் கென்டக்கி செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது: தன் பங்கில் பாதியை விவசாயத்தை மாற்றி அமைக்க என்று 2000-இல் சட்டம் போட்டு ஒதுக்கியது. மாடு, காய்கறி, வேலி, குளிர்பதனக் கிடங்கு என்று கவுன்ட்டி அளவில் போனது. எந்த நிலத்தில் எத்தனை பவுண்டு கோட்டா இருந்தது என்று கேட்காமல், இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்ட பணம். 1990-களில் பெர்ரி கேட்ட மாற்றுப் பயிர், மாற்றுச் சந்தைக்கு மிக அருகில் வந்தது இதுதான். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பவுண்டுக்கு 7 டாலரை விட இது அவருடைய சிந்தனைக்கு நெருக்கமானது.

"அப்போ பெர்ரி தப்பா?" என்று கேட்டால், இல்லை. ஒற்றை முதலாளி விலை வைக்கும் சந்தையில் விவசாயிகள் சேர்ந்து விளைச்சலைக் கட்டுப்படுத்தாமல் விலை கிடைக்காது என்ற அவர் அப்பாவின் பாடம் இன்றும் அப்படியே நிற்கிறது. 2000-இல் பிலிப் மோரிஸ் ஏலக் கிடங்கைத் தாண்டி விவசாயிகளோடு நேரடி ஒப்பந்தம் போடத் தொடங்கியபோதே அந்தப் பாடம் மறுபடி ஆரம்பமாகிவிட்டது: தரத்தைக் கம்பெனி சொல்லும், விலையைக் கம்பெனி சொல்லும், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பதையும் கம்பெனிதான் சொல்லும். பெர்ரி கவனிக்காதது, கட்டுப்பாட்டின் பலனை நிலத்தோடு கட்டிய அந்த 1938 முடிச்சு. கோட்டா பயிரிடுபவர் பெயரில் இருந்து, அவர் விட்டதும் அடுத்துப் பயிரிட வருபவருக்குப் போயிருந்தால், 2004-இல் ஒழிக்கும்போது ஈடு கேட்க நிலச் சொத்து என்று ஒன்று இருந்திருக்காது. ஒருவேளை ஒழிக்க அவ்வளவு பேர் அவசரப்பட்டிருக்கவும் மாட்டார்கள். பத்துத் தவணைப் பணத்துக்காகத் திட்டத்தைக் கைவிட முன்வந்தவர்களில் பெரும்பகுதி, பயிரிடாத உரிமையாளர்கள்.

ஜான் பெர்ரி தலைமை வகித்த கூட்டுறவுச் சங்கம் திட்டம் போன பிறகும் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் உறுப்பினர்களிலேயே சிலர் நீதிமன்றம் போனார்கள். சங்கத்துக்கு இனி வேலை இல்லை, சொத்தைப் பிரித்துக் கொடு என்பது வழக்கு. 1921-இல் தொடங்கிய சங்கம் 2021-இல் அப்படிக் கலைந்தது. ஹென்றி கவுன்ட்டியின் நியூ காஸில் ஊரில் வெண்டெலின் மகள் மேரி பெர்ரி நடத்தும் மையம் இப்போது உள்ளூர் மாட்டிறைச்சிக்கு அதே பழைய கொள்கையில் விலை நிர்ணயம் செய்து பார்க்கிறது. அங்கே கோட்டாவும் இல்லை, அபராதமும் இல்லை. சேர்ந்திருக்கும் பண்ணைகள் கைவிரலில் எண்ணக்கூடியவை.